தெற்கு நோக்கிக் கட்டிய ஒன்றரை லட்சம்

"உங்கட காசு எங்களிட்ட பத்திரமாத்தான் இருக்கு சேர்," என்றாள் வங்கிக் கவுண்டரில் நின்ற திலினி. "அதுதான் பிரச்சினையே."

லயனல் ஹேனேகம மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் நிறுவைகள் அளவைகள் திணைக்களத்தில் இருந்து கள்ளத் தராசு பிடித்தவர். அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால் குருநாகல் சந்தைக் கடைக்காரர்கள் படிக்கல்லை ஒளித்துவிட்டுப் பௌத்தப் பிரித் மந்திரம் ஓதத் தொடங்குவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை ஊரில் பரப்பியவரும் அவர்தான். திலினிக்கு வயது இருபத்துமூன்று. அவள் பிறந்து தவழ்ந்த காலத்துப் பயம் அவளுக்கு எப்படித் தெரியும்? பாதி தின்ற பிஸ்கட்டை விசைப்பலகைக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தபடியே நின்றாள்.

"பத்திரமா இருந்தா எடுத்துத் தாறதுக்கு என்ன?"

"இது சேமிப்புக் கணக்கு இல்லியே சேர். கடன் அட்டைக் கணக்கு. முதல்ல கடன் எடுக்கணும், பொறகு கட்டணும். நீங்க கடன் எடுக்காமலே கட்டிட்டீங்க."

"அப்ப நான் கடன் படாம இருந்ததுதான் குற்றமா?"

"குற்றம்னு இல்ல சேர். அப்படி ஒருத்தர் இருப்பார்னு கம்ப்யூட்டர் நினைக்கல்ல."

நடந்தது இதுதான். சித்திரைப் புத்தாண்டின் முதல் கொடுக்கல் வாங்கலை, கணுதெனுவை, காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்குப் பச்சை உடுத்தித் தெற்கு நோக்கி நின்று செய்யவேண்டும் என்று இந்த வருடம் சோதிடர்கள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். சுபவேளையில் பணம் போட வருகிறவர்களுக்காக வங்கியும் அன்று திறந்திருந்தது. வாசலில் குத்துவிளக்கு, மேசை மேசையாகக் கிரிபத் பாற்சோறு, கவும், கொக்கிஸ் பலகாரங்கள். ஹேனேகம பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்றரை லட்சம் ரூபாயை வெற்றிலையில் சுற்றிக்கொண்டு, மனைவி யசவதியோடு பத்து மணிக்கே போய்விட்டார்.

அந்த ஒன்றரை லட்சம் சும்மா பணமல்ல. இந்தியாவுக்குப் போகும் தம்பதிவ யாத்திரைக்கு இருவருக்குமாகக் கட்டவேண்டிய கடைசித் தவணை. புத்தர் ஞானம் பெற்ற மண்ணை ஒருதரம் மிதிக்கவேண்டும் என்று யசவதி கல்யாணமான வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திணைக்களம் லீவு தராது என்று அவரும் கல்யாணமான வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று ஐந்து வருடமான பிறகு அந்தக் காரணம் பழையபடி வேலை செய்யவில்லை. தவணை கட்ட ஜூன் மாதப் பௌர்ணமியான பொசன் போயா வரைக்கும் அவகாசம் இருந்தது. அதுவரை காசு சுபவேளையில் வங்கிக்குள் போய் உட்கார்ந்திருந்தால் வருடம் முழுக்கக் கையில் பணம் ஓடும் என்பது ஹேனேகமவின் ஏற்பாடு.

சேமிப்புக் கவுண்டர்களில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அதுகூடப் பரவாயில்லை. அங்கே நின்றால் முகம் மேற்கே பார்க்கிறது! கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, மண்டபத்தின் நடுவில் நின்று, காணிக்கு எல்லை போடுகிறவர்போல ஒரு சுற்றுச் சுற்றினார். ஐந்தாம் கவுண்டரில் நிற்பவனுக்கு மட்டும்தான் முகம் தெற்கே இருந்தது. அங்கே ஈகூட இல்லை.

"மேல வேற என்னவோ எழுதியிருக்கே," என்றாள் யசவதி. "கடன் அட்டைக் கொடுப்பனவுன்னு."

"பேங்க் ஒண்ணுதானே? எந்த வாசலால போனா என்ன? திசைதான் கணக்கு."

பென்ஷன் கணக்கோடு இலவசமாக வந்து, ஒருநாளும் வெளியே எடுக்காத கடன் அட்டை ஒன்று அவருடைய பையில் கிடந்தது. அதை நீட்டினார். சரியாகப் பத்துப் பதினேழுக்கு வெற்றிலைச் சுருள் கைமாறியது. முகாமையாளர் விஜேமான்னவே எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கினார். பதிலுக்குப் புத்தம் புது நூறு ரூபாத் தாள் ஒன்றும், வங்கியின் சின்னம் போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றும் கொடுத்தார். வாளியோடு படம்கூடப் பிடித்தார்கள்.

இப்போது மே மாதப் பௌர்ணமியான வெசாக் முடிந்து மூன்று நாள். வீதியில் வெசாக் விளக்குக் கூடுகளைக்கூட இன்னும் கழற்றவில்லை. காசை எடுக்க வந்தவரிடம்தான் திலினி, பத்திரமாக இருப்பது பிரச்சினை என்கிறாள்.

"சரி, ஒரு கேள்வி. நான் உங்களுக்குத் தரவேண்டியதைத் தரப் பிந்தினா வட்டி எவ்வளவு?"

"வருஷத்துக்கு இருபத்தெட்டு வீதம் சேர். அதோட பிந்தின கட்டணம்."

"நீங்க எனக்குத் தரப் பிந்தினா?"

திலினி திரையைப் பார்த்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். "அதுக்கு ஒரு கட்டம் இல்லியே சேர்."

"ஒரு பக்கம் மட்டும் நிறுக்கிற தராசுக்கு என்ன பேர் தெரியுமா மகள்? அதை நான் சீல் வச்சு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவேன்."

"கொண்டுபோங்க சேர். அதுக்கு முதல் இந்தப் படிவத்தை நிரப்புங்க. வரவு மீதியைத் திருப்பிக் கேட்கிற படிவம். பதினெட்டு வேலை நாள்."

ஹேனேகம விரல் மடித்து எண்ணினார். சனி, ஞாயிறு கழித்தால் பொசனுக்கு முதல் நாள் வந்து முட்டியது. இழுத்துப் பிடித்தால் சரி. பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினார். 'தொழில்' என்ற கட்டத்தில் 'ஓய்வுபெற்ற உதவிப் பரிசோதகர்' என்று எழுதினார். கடைசி ஏழு மாதம் மட்டும், அதுவும் பதவிக்கு ஆள் வரும்வரையான 'பதில்' உதவிப் பரிசோதகராகத்தான் இருந்தார் என்ற விபரத்துக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை.

வெளியே வரும்போது வாசல் காவலாளி ரன்பண்டா கதவைத் திறந்துவிட்டார். ஹேனேகமவின் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் சிரித்தார்.

"இதுக்கா மாத்தயா இவ்வளவு? அந்தா இருக்கே மிசின். கார்டைப் போட்டா காசு வருமே."

உண்மைதானே! இந்தப் பட்டதாரிப் பிள்ளைக்குத் தோன்றாதது ஒரு காவலாளிக்குத் தோன்றியிருக்கிறது. ஹேனேகம பரிசோதகர் அல்லவா? முதலில் மாதிரிக்கு ஐயாயிரம் எடுத்துப் பார்த்தார். மொறுமொறுவென்று வந்தது. கூடவே கைபேசியில் குறுஞ்செய்தியும் வந்தது. ஐயாயிரம் ரூபா கடன் முற்பணம் பெற்றுள்ளீர்கள். கட்டணம் ரூபா ஆயிரத்து இருநூறு.

வந்த கதவாலேயே திரும்பிப் போனார். ரன்பண்டா மறுபடி கதவைத் திறந்துவிட்டார்.

"கடனா? என்ட காசை நான் எடுத்தா அது கடனா?"

"மிசினுக்குத் தெரியாதே சேர், அது உங்கட காசுன்னு," என்றாள் திலினி.

"தெரியப்படுத்துங்க!"

"கடன் அட்டையால காசு எடுத்தா அது கடன்தான் சேர். சட்டம் அப்படி."

"ஒருத்தன் தன்ட சட்டைப் பையில கைவச்சதுக்கு அவனையே பிக்பாக்கெட்ன்னு பிடிச்சு, தண்டமும் போட்டு..." ஹேனேகமவுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்துக் கவுண்டரில் நின்ற ஒரு கிழவி அவருக்காகத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். "வேணாம். நான் எடுக்கவே இல்ல. இந்தாங்க ஐயாயிரம். அதே தாள், மடிப்புக்கூடக் கலையல்ல. வாங்கிக்கிட்டுக் கட்டணத்தைத் திருப்புங்க."

திலினி ஐயாயிரத்தை வாங்கினாள். எண்ணினாள். கணக்கில் போட்டாள். ரசீதும் கொடுத்தாள்.

"கட்டணம்?"

"அது போனது போனதுதான் சேர். கடனை உடனே கட்டினதுக்கு வட்டி மட்டும் வராது."

"அப்ப அந்தப் படிவம்?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. திலினி படிவத்தை எடுத்துப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், உண்மையாகவே கவலைப்பட்டாள்.

"படிவத்தில ஒன்றரை லட்சம்னு எழுதியிருக்கீங்க. இப்ப ஆயிரத்து இருநூறு குறையுது. தொகை மாறினா பழைய படிவம் செல்லாது சேர். புதுசா நிரப்பணும். நான் முகாமையாளரிட்ட கேட்டுட்டுத்தான் ஏத்துக்கணும். நாளைக்கு வாங்க."

மறுநாள் முகாமையாளர் கூட்டத்தில் இருந்தார். அதற்கடுத்த நாள் வேறு கிளைக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் இருந்தார், ஆனால் மும்முரமாக இருந்தார். நாலாம் நாள் படிவம் ஏற்கப்பட்டது. ஹேனேகம மறுபடி விரல் மடித்து எண்ணினார். பதினெட்டு வேலை நாள் பொசன் போயாவைத் தாண்டிப் போய் நின்றது.

யசவதி வீட்டில் யாத்திரைக்கு வெள்ளைச் சேலைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் சொல்வதை முழுக்கக் கேட்டாள். "அந்த வாளியாவது ஓட்டையில்லாம இருக்கே," என்றாள்.

பொறுக்க முடியாமல் ஹேனேகம வேலியோரம் போனார். அங்கே பக்கத்து வீட்டுத் தயாவன்ச நின்றுகொண்டிருந்தார். பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யார் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளியே போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"லயனல் அண்ணே, நீங்க பேங்குக்கு அஞ்சு தரம் போயிட்டீங்க. இனிப் போகாதீங்க," என்றார். "எங்கட வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கிற மிசின் ஒண்ணு வேணும். விலை ஒரு லட்சத்து நாப்பத்துநாலாயிரம். உங்கட கார்டால நான் அதை வாங்குறேன். வந்து காசைக் கையில தாறேன். உங்களுக்கும் காசு, எனக்கும் மிசின். பேங்க்காரன் பார்த்துக்கிட்டு நிப்பான்."

ஹேனேகம அதை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை. திணைக்களத்தில் இருந்திருந்தால் இந்த ஆளுக்கு ஒரு பாராட்டுக் கடிதமே எழுதியிருப்பார். கார்டைக் கொடுத்து, இரகசிய எண்ணையும் காதில் சொன்னார். தான் கூடப் போகவில்லை. முன்னாள் உதவிப் பரிசோதகர் ஒருவர் தயாவன்சவுக்குச் சலவை இயந்திரம் வாங்கிக் கொடுக்கிறார் என்று கடைத்தெருவில் பேச்சு வரக்கூடாதல்லவா?

பின்னேரம் இயந்திரம் லொறியில் வந்து இறங்கியது. பெட்டி பிரிக்கும் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து ஹேனேகம போனார். தயாவன்ச சிரித்த முகத்தோடு ஒரு கடித உறையைக் கொடுத்தார். உள்ளே பன்னிரண்டாயிரம் ரூபா இருந்தது.

"மிச்சம்?"

"மாசா மாசம் அண்ணே. முதலாந்தேதி தவறாது."

"என்ன மாசா மாசம்?"

"பெரிய தொகைன்னு கடைக்காரர் பேங்குக்கு ஃபோன் பண்ணினார். அங்க யாரோ பெரிய மனுசர் கதைச்சாராம். ஒரேயடியா எடுக்கவேணாம், பன்னிரண்டு மாசத் தவணையாப் போடுங்க, வட்டியே இல்லன்னு அவராகவே சொல்லியிருக்கார். நல்ல மனுசர். நானும் சரின்னுட்டேன்."

"யார் காசுக்கு யார் சரி சொல்றது?"

"கோபப்படாம யோசிச்சுப் பாருங்க அண்ணே. பேங்க் உங்கட கணக்கில மாசம் எவ்வளவு எடுக்குது? பன்னிரண்டாயிரம். நான் உங்களுக்கு மாசம் எவ்வளவு தாறேன்? பன்னிரண்டாயிரம். தராசு சமனாத்தானே நிக்குது? இது உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஹேனேகம முப்பத்தொரு வருட அனுபவத்தை ஒரு நொடியில் புரட்டிப் பார்த்தார். தராசு சமனாகத்தான் நின்றது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. உள்ளே புது இயந்திரம் தயாவன்சவின் சாரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் திலினி இன்னொரு செய்தி சொன்னாள். "தவணை ஓடுற கணக்கில வரவு மீதியைத் திருப்பித் தர ஏலாது சேர். தவணை முடியணும்."

"எப்ப முடியும்?"

"அடுத்த வருஷம் மே மாசம்."

"அது வரைக்கும் என்ட காசு?"

"பத்திரமா இருக்கும் சேர்."

அன்றைக்கு ஹேனேகம பேனாவை எடுத்தார். அரசாங்க ஊழியனுக்கு அது கடைசி ஆயுதம். எடுத்தால் இரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது. தன் பெயர் அச்சடித்த கடிதத் தாளில், 'பதில்' என்ற சொல் எறும்புத் தலையளவு எழுத்தில் இருக்கும் அந்தத் தாளில், கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்கு ஒன்பது பக்கம் எழுதினார். முதல் இரண்டு பக்கம் தான் யார் என்பது. அடுத்த ஐந்து பக்கம் நாட்டில் நீதி எப்படிச் செத்துப்போனது என்பது. எட்டாம் பக்கத்தின் நடுவில் ஒன்றரை லட்சம் வந்தது. பிரதிகள் ஏழு பேருக்கு. ஏழாவது பிரதி தனக்கே. அது தபாலில் வந்து சேர்ந்தபோது உறையைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒருதரம் கோபப்பட்டார்.

பதில் ஒன்பதாம் நாள் வந்தது. நாலு வரி.

'கிளையின் அவதானிப்பின்படி, ஓய்வூதியம் பெறும் தங்களின் கடன் அட்டைக் கணக்கில் வழமைக்கு மாறான பெருந்தொகை வரவு காணப்படுகிறது. பணத்தின் மூலத்தை நிரூபிக்கும் வரை தங்கள் அட்டை இடைநிறுத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பத்திரத்துடன் கிளையை நாடவும். தங்கள் பொறுமைக்கு நன்றி.'

"கள்ளக் காசாம்!" ஹேனேகம தாளை ஆட்டினார். தாளை ஆட்டியது பத்தாமல் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தார். "ரெண்டு கிராம் குறைஞ்ச படிக்கல்லுக்கு ஒரு முதலாளி வெற்றிலையில வச்சு ஐந்நூறு ரூபா நீட்டினப்பக்கூட நான் கை நீட்டல்ல. எனக்குக் கள்ளக் காசாம்! யசவதி, கேட்டியா?"

"அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்," என்றாள் யசவதி.

கிராம உத்தியோகத்தர் இளைஞர். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். ஆகையால் பயந்தவர். ஒரு மணி நேரம் யோசித்து, முத்திரை குத்தி, இப்படி எழுதிக் கொடுத்தார்: 'இவரிடம் சட்டவிரோதப் பணம் இருப்பதாக நான் அறியேன். பணம் இருப்பதாகவே நான் அறியேன்.'

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது திலினி வாங்கிப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். கொழும்புக்கு அனுப்புவதாகச் சொன்னாள். இந்தத் தடவை எத்தனை நாள் என்று கேட்காமலே ஹேனேகம வெளியே வந்தார்.

பொசனுக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை யாத்திரைக் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. யசவதிதான் எடுத்தாள். "ம்" என்றாள், "ம்" என்றாள், "சரி" என்றாள். வைத்துவிட்டு, தைத்து முடித்த வெள்ளைச் சேலையை எடுத்து மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போகும் சேலைகள் எல்லாம் மேல்தட்டில்தான் இருக்கும். அடித்தட்டு, இனி உடுத்தாத சேலைகளுக்கு.

"என்னவாம்?"

"இன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்குள்ள கட்டாட்டி ரெண்டு இடத்தையும் வேற ஆக்களுக்குக் குடுக்கிறாங்களாம். காத்துக்கிட்டு நிறையப் பேர் இருக்காங்களாம்."

"நான் அவங்களோட கதைக்கிறேன். நிலைமையை விளங்கப்படுத்துறேன். நீதி யார் பக்கம்னு..."

"நீதியெல்லாம் உங்கட பக்கம்தான்," என்றாள் யசவதி. குரல் உயரவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா உங்கட பக்கம்தான் இருக்கு. எனக்கு ஒருதரம் அந்தப் போதி மரத்தைக் கும்பிடணும். அவ்வளவுதான்."

ஹேனேகம கண்ணாடியைத் துடைத்தார். அந்தத் தடவை யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல.

இருவரும் நேரே முகாமையாளரின் அறைக்குள் போனார்கள். கதவைத் தட்டவில்லை. விஜேமான்ன எழுந்து நின்று கைகூப்பினார். யசவதிக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தேத்தண்ணிக்குச் சொன்னார். பேரன்பேத்திகளை விசாரித்தார். நோய்நொடி விசாரித்தார். ஹேனேகம எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ சேர்! காசு தேவைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"ஒரு மாசமா நான் வேற என்ன சொன்னேன்?"

"நீங்க 'என்ட காசு'ன்னுதான் கேட்டீங்க. 'காசு'ன்னு கேட்கவே இல்லியே. என்ட காசுன்னு கேட்டா அதுக்கு விதிமுறை இருக்கு, கொழும்பு இருக்கு. காசுன்னா நான் இருக்கேன்." மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "யாத்திரைக் கடன். ஒன்றரை லட்சம். பத்தே நிமிஷம்."

ஹேனேகமவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சிவந்தன. "கடனா? என்ட ஒன்றரை லட்சத்தை உங்களிட்ட வச்சுக்கிட்டு எனக்கு ஒன்றரை லட்சம் கடனா? வட்டி?"

"உங்களுக்காகப் பதினாறு வீதம்."

"பிணை யார் நிக்கிறது? கிராம உத்தியோகத்தரா?"

"ஒருத்தரும் வேணாம் சேர். உங்கட கார்டுக் கணக்கில காசு நிக்குதே. அதுதான் பிணை."

"அது கள்ளக் காசுன்னு எழுதினீங்களே!"

"திருப்பித் தாறதுக்குத்தான் மூலம் வேணும் சேர். பிணையா நிக்கிறதுக்கு அது நல்ல காசுதான்." விஜேமான்னவின் முகத்தில் கபடம் மருந்துக்கும் இல்லை. ஒரு குழந்தைக்கு மருந்து ஊட்டுகிறவர்போலக் கனிவாகப் பார்த்தார். "பத்து மாசத்தில கட்டி முடிங்க. கட்டி முடிச்ச அன்னிக்கே கார்டையும் திறந்து, அந்தக் காசையும் நானே என்ட கையால எடுத்துத் தாறேன். தவணை, படிவம், கொழும்பு ஒண்ணும் பார்க்கமாட்டேன். எழுத்தில வேணுமா? தாறேன்."

"முப்பத்தொரு வருஷம்..." என்று தொடங்கினார் ஹேனேகம. "முப்பத்தொரு வருஷம் நான் இந்த மாகாணத்தில..."

யசவதி மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "மணி ரெண்டரை," என்றாள்.

கையெழுத்துப் போட்டார். பதினோரு இடத்தில் போட்டார். திணைக்களத்தில் போடுகிற நீளக் கையெழுத்து, வால் சுழித்தது, நாலாம் இடத்துக்குப் பிறகு வால் இல்லாமல் வந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திலினி கற்றையை எண்ணிக் கொண்டுவந்து யசவதியிடம் கொடுத்தாள். யசவதி அதைக் கைப்பையில் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கணவருக்காகக் காத்திராமல் வாசலைத் தாண்டி முச்சக்கர வண்டியைக் கைகாட்டி நிறுத்திவிட்டாள்.

ஹேனேகமவால் அப்படிப் போக முடியவில்லை. வாசற்படியில் நின்றார். உள்ளே ஒரு மாதமாகச் சேர்ந்த கொதிப்பு இன்னும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. கேட்க ஆள் வேண்டும். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ரன்பண்டா நின்றார்.

"ரன்பண்டா, நீ எத்தனை வருஷமா இங்க?"

"பதினெட்டு மாத்தயா."

"பதினெட்டு வருஷத்தில இப்படி ஒரு அநியாயம் பார்த்திருக்கியா? கடன் தாறதுக்குப் பத்து நிமிஷம். என்ட காசைத் தாறதுக்கு ஒரு மாசமா ஏலாதாம்! படிவம் செல்லாதுங்கிறான். தவணையில போடுங்கிறான். கொழும்புக்கு எழுதி என்னைக் கள்ளனாக்குறான். அந்தக் காசில மட்டும் அப்படி என்ன இருக்கு? இந்தக் கட்டிடத்தில வேற காசே இல்லியா?"

"இருங்க, வண்டியில நோனா காத்திருக்கா..."

"காத்திருக்கட்டும்! எனக்கு விளங்கணும். நான் இதை விடமாட்டேன். மேல போவேன். நீதிமன்றம் போவேன். விஜேமான்னவை நான் கூட்டில ஏத்திக் கேட்பேன், ஏன்னு!"

ரன்பண்டா உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹேனேகமவின் காதோரம் குனிந்தார்.

"பெரிய சேரைத் திட்டாதீங்க மாத்தயா, அவர் உங்களை மாதிரியே பக்திமான், இந்த வருஷம் சுபவேளையில கிளைக்கு வந்த முதல் காசு உங்கடதுதானே, கணுதெனுக் காசை வருஷம் முடியாம யாராவது வெளிய விடுவாங்களா?"